கழுதை விழும் இடம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர் ட்ரெய்லர் பார்த்தவராக இருக்க முடியாது. ட்ரெய்லர் வெட்டுகிறவர்களும் அதே பானையிலிருந்துதான் சோறு எடுக்கிறார்கள். ஆனால் எடுத்ததைச் சர்க்கரையில் புரட்டிக் கையில் கொடுப்பார்கள். வாங்கித் தின்றவன் பானை முழுக்க இப்படித்தான் என்று நம்பிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து உட்காருவான். சமைத்தவள் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். இந்த விஷயத்தில் சமைத்தவள் நான்.

அனிமேஷன் படங்களில் உருவங்களை அசைய வைப்பது என் வேலை. உருவத்தைச் செய்கிறவர்கள் வேறு, வண்ணமும் வெளிச்சமும் கொடுக்கிறவர்கள் வேறு. நடுவில் நான். கையும் காலும் கண்ணிமையும் எப்போது, எவ்வளவு, என்ன வேகத்தில் அசைய வேண்டும் என்பது என் பொறுப்பு. "அதெல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சிடும்ல?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆமாம், உங்கள் வண்டிகூடத் தானாகவேதான் ஆபீஸுக்குப் போய் வருகிறது என்பேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை.

படம் ஒரு கிழட்டுக் கழுதையையும் அதன் குட்டியையும் பற்றியது. மலைமேல் எழும்புகிற ஒரு மாளிகைக்கு இரண்டும் கல் சுமக்கின்றன. பாதிப் படத்தில், மலைப்பாதையின் ஒரு திருப்பத்தில், கிழட்டுக் கழுதை விழுகிறது. விழுந்தது எழுந்திருப்பதில்லை. மீதிப் படம் முழுக்கக் குட்டி தனியாக நடக்கிறது. அந்த விழுகிற ஷாட் சரியாக வராவிட்டால் படமே இல்லை. டைரக்டர் என்னைவிட வயதில் சின்னவர், அக்கா என்று கூப்பிடுகிறவர். "இது உங்களால மட்டும்தான்க்கா முடியும்" என்று அந்த ஷாட்டை என்னிடம் கொடுத்தார். எல்லா டைரக்டர்களும் எல்லாரிடமும் சொல்கிற வசனம்தான். இவர் மனதாரச் சொன்னார். நானும் மனதார நம்பித் தொலைத்தேன்.

கழுதைகள் விழுகிற வீடியோக்களை நிறையப் பார்த்தேன். நன்றாகத்தான் விழுந்தன. ஒன்றும் என்னை எதுவும் செய்யவில்லை. எனக்கு வேண்டியது என் வீட்டுக் கூடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் சில நாள் ஆனது.

அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். முதுகில் கம்பு வைத்துக் கட்டியது போல நடப்பார். ஓய்வுபெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து இடது பக்கத்தை இழுத்துக்கொண்டு போனது. கை பாதி திரும்பி வந்தது. கால் வரவில்லை. அந்தக் காலைத் தூக்க முடியாமல், தரையில் அரைவட்டம் போட்டு இழுத்து, அதன்பிறகு அடுத்த அடி வைப்பார். ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் வெளியே வருவதில்லை. வாசல் மணி அடித்தால் உடனே நாற்காலிக்குப் போய்விடுவார். உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்க்கிறவர்களுக்கு, மனிதருக்கு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நடக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். இந்த நடையை எதுக்கு ஊருக்குக் காட்டணும்?" என்பார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவரிடம் போய், "அப்பா, நீங்க நடக்கிறதை வீடியோ எடுத்துக்கட்டுமா? கழுதைக்கு வேணும்" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல உன்னைக் கழுதை கழுதைன்னு திட்டினேனே, அதுக்குப் பழி வாங்குறியா?" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதனாலேயே ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தேன். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார், திரும்பினார், நடந்தார். இன்னொரு தடவை திரும்பும்போது இடது முழங்கால் மடங்கிவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் தரையில் கிடந்தார். அடி பலமில்லை. தூக்கி உட்கார வைத்தோம். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். போன் அதுபாட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

"அழிச்சிடறேன்ப்பா."

"முதல்ல காட்டு" என்றார்.

மைதானத்தில் பையன்களைப் பார்க்கிற அதே கண்ணோடு தன்னையே பார்த்தார். "பாரு, முழங்கால் போகுது. இடுப்பு தாங்கிப் பிடிக்கப் பாக்குது, முடியல. இங்க நிறுத்து. இப்ப நான் என்ன பண்றேன்னு பாரு."

நிறுத்திப் பார்த்தோம். முழங்கால் மடங்கிய பிறகு, உடம்பு தரையைத் தொடுவதற்கு முன்னால், சுவர் எங்கே நாற்காலி எங்கே என்று அவர் தேடவே இல்லை. தலையைத் திருப்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். கண்மூடித் திறக்கிற நேரம்தான். விழுகிற நேரத்தில்கூட மனிதருக்கு அந்தக் கவலை இருந்திருக்கிறது. 

"உபயோகமா இருந்தா வச்சுக்கோ" என்றார் அப்பா. "ஆனா ஒண்ணு. என் கிரவுண்டுல எவன் விழுந்தாலும் மத்தவன் சிரிக்க விட்டதில்ல. தெரியும்ல உனக்கு?"

"யாரும் சிரிக்க மாட்டாங்கப்பா. அழுவாங்க. தியேட்டருக்கு வந்து நீங்களே பாருங்க."

"சரி, வரேன்" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்தப் பார்வையை அப்படியே கழுதைக்குக் கொடுத்தேன். முன்னங்கால் மடங்குகிறது, முதுகில் கல் சரிகிறது, கழுதை தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது, பிறகு விழுகிறது. சில விநாடி வேலைக்குப் பல மாதம் எடுத்துக்கொண்டேன். முடிந்ததைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் கொடுக்கிற பிரிவில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். பணம் போடுகிறவர்களுக்கு மாதிரி காட்ட வேண்டும் என்று அந்த ஒரு ஷாட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் முழுசாக முடித்தார்கள். வண்ணம், வெளிச்சம், கழுதை மூக்கில் ஒட்டிய தூசி வரைக்கும். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. பின்னால் யோசித்தால், எங்களுக்கு ஆப்பு அங்கேதான் அடிக்கப்பட்டது.

முழுப் படத்தையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் ட்ரெய்லர் வெட்டுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் படம் கால்வாசி முடிந்திருக்கும்போதே ட்ரெய்லர் வெளியே போயாக வேண்டும். மீதி முக்கால்வாசி அப்போது சாம்பல் நிறப் பொம்மைகளாக நிற்கும். சிலவற்றுக்குக் கண் இருக்காது, சிலவற்றின் கால் தரைக்குள் புதைந்திருக்கும். ட்ரெய்லர் வெட்ட வருகிறவர் கதை என்ன என்று கேட்க மாட்டார். எந்த ஷாட்டெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் கேட்பார். படத்தில் சிரிப்புக்கென்றே ஒரு காக்கை உண்டு. இறகு ஒழுங்காக வராமல் அது மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. மொட்டைக் காக்கையை யாருக்குக் காட்டுவது? ஆகவே சிரிக்க வைக்கிற பாரமும் கழுதை முதுகிலேயே ஏறியது.

வெட்ட வந்தவர் வெளிக் கம்பெனிக்காரர். எங்களுக்குள் அவருக்குக் கத்திரி என்று பெயர். என் ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "மேடம், இது தங்கம்" என்றார். தங்கம் கிடைத்தால் அதை உருக்குவதுதானே வழக்கம்.

அடுத்த வாரமே எங்களையெல்லாம் சின்னத் திரையரங்க அறைக்குக் கூப்பிட்டார்கள். துள்ளல் இசையோடு கழுதை மலை ஏறுகிறது. முன்னங்கால் மடங்குகிறது. தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. அந்த இடத்தில் படத்தை உறைய வைத்திருந்தார். எங்கிருந்தோ ஒரு ரப்பர் ஹாரன், ப்பாம் என்று. கழுதை விழுந்தது. உடனே அதே ஷாட்டைப் பின்னோக்கி ஓட்டியிருந்தார். செத்த கழுதை ஸ்பிரிங் வைத்தது போல எழுந்து நின்றது. மறுபடி பார்வை, மறுபடி ப்பாம், மறுபடி விழுந்தது. முடிவில் கொட்டை எழுத்தில், இந்த விடுமுறையில் விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று வந்தது.

அறையே சிரித்தது. அன்றைக்கு எழுந்து வெளியே போனவளும் சிரித்தாள்.

"அது சாகுதுங்க" என்றேன்.

"அது படத்துல மேடம். ட்ரெய்லர்ல அது விழுது, அவ்வளவுதான்."

"எந்திரிக்க வச்சிருக்கீங்களே. அது எந்திரிக்காது. அதுதான் படமே."

கத்திரி கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "குழந்தைங்க படத்துக்கு ட்ரெய்லர்லயே சாவைக் காட்டினா எந்த அப்பா அம்மா டிக்கெட் வாங்குவாங்க? உள்ள கூட்டிட்டு வர்றது என் வேலை, அழ வைக்கிறது உங்க வேலை. உள்ள வந்தாத்தானே மேடம் அழுவாங்க?"

 அயோக்கியன் என்றால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்த ஆள் நியாயம் பேசினார்.

டைரக்டர் வராந்தாவில் என் பின்னாலேயே வந்தார். "ட்ரெய்லர் வேற, படம் வேறக்கா. படத்துல உங்க ஷாட்டுல யாரையும் கை வைக்க விட மாட்டேன்."

"அந்த இடத்துல இசை வேண்டாம்" என்றேன். "வயலின் கியலின் எதுவும் வேண்டாம். காத்து மட்டும் கேக்கட்டும். அதுவும் நின்னுடட்டும்."

அதற்காக இசையமைப்பாளரோடு சண்டை போட்டு, கம்பெனி முதலாளியோடு சண்டை போட்டு, வாங்கிக் கொடுத்தார். குறை சொல்லக் கூடாது. சுத்தமான மௌனம். ட்ரெய்லர் என்ன கூத்தடித்தாலும், தியேட்டரில் அந்த மௌனம் வந்ததும் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு.

ட்ரெய்லர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆபீஸ் லிஃப்டில் ஒருவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ப்பாம் என்றார். எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் பிள்ளைகள் முழங்கால் மடங்கி விழுந்து எழுந்து விளையாடினார்கள். கல்யாண மாப்பிள்ளைகள் மோதிரம் கொடுக்க முட்டி போட்டுவிட்டு அப்படித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பொம்மைக் கம்பெனி வயிற்றை அமுக்கினால் விழுகிற கழுதையைக் கடைகளில் வைத்தது. அதற்கு என் அப்பாவின் கண் இருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அப்பா நாற்காலியில் அம்மாவின் போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ட்ரெய்லரை அனுப்பியிருந்தார்.

"நான்தானே இது?"

"ஆமாப்பா."

"அந்தச் சத்தம்?"

"அது ட்ரெய்லருக்குப் போட்டது. படத்துல கிடையாது. படத்துல அந்த இடத்துல சத்தமே இருக்காது."

"நிச்சயமா?"

"நானே கேட்டு வாங்கினதுப்பா."

"அப்ப சரி. வரேன்னு சொன்னா வரேன்தான்" என்று போனை என்னிடம் கொடுத்தார்.

அம்மா அடுப்படியில் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம்டி. பின்னாடி வீட்லயே போட்டுப் பாத்துக்கலாம். இப்பதான் மனுஷன் மாடிப்படி வரைக்கும் போயிட்டு வராரு. எல்லாம் தியேட்டருக்குப் போறதுக்குத்தான். ஏதாவது ஆச்சுன்னா அதுவும் போயிடும்."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். நான் செய்த ஷாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

முதல் நாள், மதியக் காட்சி. கூட்டம் வருவதற்குள் அவரை உட்கார வைத்துவிட வேண்டும் என்று சீக்கிரமே போனோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே நடைபாதை ஓர இருக்கையில் உட்கார்ந்து, கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்றார். அரங்கம் நிறைந்தது. எங்கே பார்த்தாலும் குழந்தைகள். காக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் இறகு ஒட்டின காக்கை.

மலைப்பாதையின் அந்தத் திருப்பம் வந்ததும் பின் வரிசையில் ஒருவர் தன் பிள்ளையிடம், "இப்பப் பாரு, இப்பப் பாரு, வருது" என்றார்.

முழங்கால் மடங்கியது. கழுதை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. காற்று நின்றது. நான் கேட்டு வாங்கிய மௌனம் அரங்கம் முழுக்க வந்து உட்கார்ந்தது. அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை, ப்பாம் என்றது.

அவ்வளவுதான். நான்கு பக்கத்திலிருந்தும் ப்பாம், ப்பாம் என்று கிளம்பியது. பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சத்தம் போட அவர்களுக்கு அருமையான இடம் விட்டு வைத்திருந்தேன். கழுதை தரையில் கிடந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். குட்டி வந்து மூக்கால் முட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு சிரிப்பு. பிறகு கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"ஏம்பா எந்திரிக்க மாட்டேங்குது?" என்றது பின் வரிசைப் பிள்ளை.

"எந்திரிக்கும், இரு. ட்ரெய்லர்ல எந்திரிச்சுதே."

குட்டி தனியாக நடக்கத் தொடங்கியதும் அதே ஆள், "அட, செத்துப்போச்சா? ஏமாத்திட்டானுங்க" என்றார். போன்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டன. அதற்குப் பிறகு அந்தக் குட்டியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்பா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்கு உணர்ச்சி குறைவு. பிடித்தது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

விளக்குப் போட்டார்கள். எல்லாரும் போகும்வரை உட்கார்ந்திருந்தோம். "நீ சொன்ன மாதிரி படத்துல சத்தம் இல்ல" என்றார் அப்பா. "அவங்களே போட்டுக்கிட்டாங்க."

துடைப்பத்தோடு வந்த பெண், "சார், அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்" என்றாள். எழுந்தோம். என் போனில் டைரக்டரிடமிருந்து செய்தி வந்திருந்தது. எல்லாத் தியேட்டர்லயும் உங்க ஷாட்டுக்குத்தான்க்கா சத்தம், கூரையே பிச்சிக்கிட்டுப் போகுது என்று எழுதியிருந்தார். அவர் சந்தோஷப்படுகிறாரா, புலம்புகிறாரா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளிக்கூடத்தில் கொஞ்சம் பேர் நின்றிருந்தார்கள். தின்பண்டக் கவுன்டர் பக்கத்தில் நான்கைந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் அப்பாவுக்கு விழுந்து காட்டிக்கொண்டிருந்தாள். என் அப்பா சுவரோரமாக நடந்தார். இடது கால் அரைவட்டம் போட்டு இழுத்து வந்தது. சிறுமி விளையாட்டை நிறுத்திவிட்டு அந்தக் காலையே பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா, அந்தக் கழுதை" என்றாள்.

கேலி இல்லை. தெரிந்தவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்த சந்தோஷம். இத்தனை வருடத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக அடையாளம் கண்டவர் வேறு யாரும் கிடையாது. அவள் வாயைக் குவித்துத் தயாராக வைத்துக்கொண்டாள். என் அப்பா விழுவதற்காகக் காத்திருந்தாள்.

அவளுடைய அப்பா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். "சாரி சார், குழந்தை" என்று தூக்கிக்கொண்டார். தூக்கிப் போகும்போதும் அவள் அவர் தோள்மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்பா சுவரில் வலது கையை ஊன்றி நின்றுவிட்டார்.

"வாங்க, சின்னக் குழந்தைதானே" என்றாள் அம்மா.

"எல்லாரும் போகட்டும்."

"போயிட்டாங்கப்பா, வாங்க" என்றேன்.

வாசலைப் பார்த்துத் தலையை அசைத்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிள்ளைகள் ப்பாம், ப்பாம் என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். அம்மா அவரை மறைப்பது போல முன்னால் போய் நின்றாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"இவங்களும் உள்ள போயிடட்டும், அப்புறம் நடக்கிறேன்" என்றார் அப்பா.

அவர்கள் உள்ளே போனார்கள். பின்னாலேயே வேறு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு எல்லாக் காட்சிக்கும் டிக்கெட் தீர்ந்திருந்தது.